பால் கசிகிறதா? கடை 'பேடா'... வீட்டுத் துணியா?

சுருளி அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களுக்குச் சுருளிப்பட்டியைத் தெரிந்திருக்கும். கம்பத்திலிருந்து அருவிக்குப் போகிற வழியில், பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே கம்பம் பன்னீர் திராட்சை, அது இந்தப் பக்கத்து மண்ணில் விளைவதுதான். அந்த ஊரிலிருந்து ஒரு நாள் தாயும் மகளுமாக என்னிடம் வந்தார்கள். மகளின் தோளில் மூன்று மாதக் குழந்தை.

"டாக்டரம்மா, இவளுக்குப் பாலு வத்துறதுக்கு ஏதாச்சும் மருந்து குடுங்க" என்றார் அந்த அம்மா, உட்காருவதற்கு முன்பே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பால் சுரக்க மருந்து கேட்டு வருகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். வற்ற வைக்கச் சொல்லி, அதுவும் பிள்ளையைப் பெற்ற தாயின் தாயே கேட்டால்?

"ஏம்மா, பிள்ளைக்குப் பால் பத்தலையா?"

"பத்தலையாவா? ஆறா ஓடுதுங்கம்மா. அதான் வம்பே!"

மெதுவாக விசாரித்தேன். அந்தப் பெண் கம்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். குழந்தைக்கு எழுபது நாள் ஆனதுமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். முதல் வாரத்திலேயே அந்தச் சங்கடம். எல்.கே.ஜி. குழந்தை ஒன்று வராந்தாவில் வீறிட்டு அழுதிருக்கிறது. இவளுக்கு இரண்டு மார்பிலும் சுருக்கென்று கூசி, அடுத்த நிமிடம் ரவிக்கை நனைந்து புடவையிலும் தெரிந்துவிட்டது. வகுப்பு முழுக்கப் பிள்ளைகள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மணி அடிக்கும் வரை நின்றிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே மெடிக்கல் ஷாப்பில் 'நர்ஸிங் பேட்' பாக்கெட் ஒன்று வாங்கினாளாம். காலை ஏழு மணிக்கு வைத்தால், வீட்டுக்கு வந்து ஆறு மணிக்குத்தான் எடுப்பாள். "விலை ஜாஸ்தி மேடம், ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான் கட்டுப்படியாகும்" என்றாள். இரண்டே வாரத்தில் காம்பில் மிளகாயை அரைத்துத் தேய்த்த மாதிரி எரிச்சல். குழந்தை வாய் வைத்தாலே கண்ணில் தண்ணீர். 'இந்த வேதனை எதற்கு, புட்டிப்பாலுக்கு மாற்றிவிடு' என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

பரிசோதித்துப் பார்த்தேன். காம்பைச் சுற்றித் தோல் வெளிறி ஊறி, நடுவில் ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருந்தது. குழந்தையின் கன்னத்து உட்புறம் தயிர் ஒட்டியது போல வெள்ளைத் திட்டுகள்; துடைத்தால் போகவில்லை. பூஞ்சைத் தொற்று! பாலில் ஒரு குறையும் கிடையாது. பதினோரு மணி நேரம் ஈரத்தோடு மார்பில் ஒட்டிக் கிடந்த அந்தப் பேடுதான் வினை.

பால் ஏன் தானாக வருகிறது?

குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து ஆக்ஸிடாஸின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பால் சுரப்பிகளைச் சுற்றியிருக்கிற மெல்லிய தசைகளை அது இறுக்க, பால் காம்புக்குப் பாய்கிறது. குழந்தை சப்பத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. அழுகுரல் கேட்டாலே போதும். அடுத்த வீட்டுக் குழந்தையின் அழுகையாக இருந்தாலும் சரி, தன் குழந்தையை நினைத்துக்கொண்டாலும் சரி, அந்த ஹார்மோன் வேலையை ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் ஊட்டும்போது மறுபக்கம் ஒழுகுவதும் இதனால்தான். பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் கசிவு தானாகவே மட்டுப்படும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், கசியாமலே இருக்கிறவர்களும் உண்டு. மூன்றுமே இயல்புதான். கசியவில்லை என்பதற்காகப் பால் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டு ராத்திரி மகளின் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டியிருக்கிறார்! "எங்க அம்மாச்சி காலத்துல இருந்து செய்றதுதானம்மா?" செய்வதுதான். அது வெறும் நம்பிக்கையும் இல்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 60 தாய்மார்களிடம் இதைச் சோதித்து, 1988-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். பால் வற்ற அப்போது கொடுத்துவந்த புரோமோகிரிப்டின் மாத்திரை ஒரு பிரிவினருக்கு, மல்லிகைச் சரம் இன்னொரு பிரிவினருக்கு. பூவும் பால் சுரப்பைக் குறைத்தது. ஆனால் அந்த வைத்தியம் குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கும், பால் கொடுக்கவே முடியாத தாய்க்கும் உரியது. ரவிக்கை நனைகிறது என்பதற்காகப் பூ வைத்துக் கட்டினால், கசிவோடு சேர்த்துக் குழந்தையின் சாப்பாடும் போய்விடும். கூந்தலில் வைப்பதற்கு ஒரு தடையும் இல்லை!

எதை வாங்குவது?

கடையில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, உபயோகித்துவிட்டுத் தூக்கி எறிகிறது. மேலே மெல்லிய விரிப்பு, நடுவில் பஞ்சுக்கூழும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடியும், வெளிப்பக்கம் பிளாஸ்டிக் படலம். நாப்கினிலும் டயப்பரிலும் இருக்கிற அதே பொடிதான். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை இழுத்துக் கூழாக்கி வைத்துக்கொள்ளும். வெளியே கறை தெரியாது, ஒல்லியாக இருக்கும். அதன் ஆபத்தும் அங்கேதான். வெளியே நனையாததால், 'இன்னும் தாங்கும்' என்று நாம் மாற்றாமல் விட்டுவிடுகிறோம். பிளாஸ்டிக் படலம் காற்றை விடாது. நம் ஊர் வெயிலில், ரவிக்கைக்குள்ளே, பாலின் சர்க்கரையும் சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அது கல்யாண வீடு.

இன்னொன்று, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துவது. பருத்தி அல்லது மூங்கில் நாரில் வட்டமாகத் தைத்திருப்பார்கள். நனைந்தால் உடனே உறுத்தும், அதனால் மாற்றிவிடுவோம். தோலுக்கு அதுவே காவல். சிலவற்றில் பின்பக்கம் நீர் புகாத பூச்சுத் துணி வைத்திருப்பார்கள். வெளியே போகும்போது அது உதவும், வீட்டில் இருக்கும்போது வேண்டாம்.

விலைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை மாற்றினால் 8 பேட், மாதம் 240. ஒன்று பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 2,400 ரூபாய்! அதை மிச்சம் பிடிக்கத்தான் அந்த டீச்சர் காலையில் வைத்ததை மாலை வரை மாற்றவில்லை. ஆகவே நான் சொல்வது இதுதான்: எது உங்களால் அடிக்கடி மாற்ற முடிகிறதோ அதுவே உங்களுக்கு நல்ல பேட். வீட்டில் துணி, பஸ் பயணம், வேலை, கல்யாணம் காட்சி என்றால் கடைப் பேட் ஒன்றிரண்டு. இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, அதற்கு முன்பே நனைந்தால் அப்போதே, மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது காம்பை ஒரு நிமிடம் காற்றாட விடுங்கள். வெடிப்பு இருந்து பேட் ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று பிய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டு நனைத்து எடுங்கள்.

(நான் பிள்ளை பெற்ற காலத்தில் இந்தப் பாக்கெட் எல்லாம் எங்கள் ஊர்க் கடைகளில் கிடையாது. என் கணவரின் கைக்குட்டையை எட்டாக மடித்து வைத்துக்கொண்டுதான் நோயாளிகளைப் பார்த்தேன். ஒரு நாள் அது நழுவி மேஜைமேல் விழுந்த கதை இங்கே வேண்டாம்.)

வீட்டிலேயே தைக்கலாம்

துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய பருத்தி வேட்டி இருக்கிறதா? அதைவிட நல்ல துணி கிடையாது. நான்கு அல்லது ஐந்து அங்குல அகலத்தில் வட்டமாக வெட்டுங்கள். வேட்டித் துணி நான்கு மடிப்பு, நடுவில் சொரசொரப்பான துண்டுத் துணி ஒரு மடிப்பு, ஓரத்தைச் சுற்றி ஒரு தையல். அவ்வளவுதான்! உடம்பில் படுகிற பக்கத்தில் தையல் முடிச்சு துருத்தக் கூடாது. நைலான், பாலியஸ்டர் கலந்த துணி கூடாது. பத்து ஜோடி இருந்தால் ஒரு நாள் துவைக்க முடியாமல் போனாலும் சமாளிக்கலாம்.

துவைப்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். எடுத்ததும் கொதிநீரில் போட்டால் பாலின் புரதம் துணியில் உறைந்து கறையாக உட்கார்ந்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சுடுநீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, நுரை போக இரண்டு தடவை அலசுங்கள். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம்; அது படிந்தால் துணி ஈரத்தை உறிஞ்சாது. தொற்று இருந்தால் தினமும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். அந்தச் சமயத்தில் கடைப் பேட் உபயோகித்தால் ஒவ்வொரு தடவை பால் கொடுத்ததும் புதிதாக மாற்றுங்கள்.

பிறகு உலர்த்துவது. 'பால் துணியை நாலு பேர் பார்த்தால் கண் படும்' என்று இருட்டறைக் கொடியில், பாவாடைக்கு அடியில் மறைத்துப் போடுகிறார்கள். பார்வைக்குப் பயந்தால் மேலே ஒரு மெல்லிய துணியைப் போடுங்கள், ஆனால் வெயிலில் போடுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து சாரல் அடித்துக்கொண்டே இருக்கும், கனத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அப்போது இஸ்திரி போட்டுக் காய வையுங்கள். அதற்கும் வழியில்லையா, அந்தச் சாரல் நாட்களுக்கு மட்டும் கடைப் பேட் வாங்கிக்கொள்ளுங்கள். அரை ஈரத் துணிக்கு அது எவ்வளவோ மேல்.

உபயோகித்த கடைப் பேடை டாய்லெட்டிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். அடுப்பில் வைத்து எரிக்கவும் வேண்டாம், அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. காகிதத்தில் சுற்றிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள்.

தோட்டத்துக்குப் போகிறவர்கள்

டீச்சருக்காவது பள்ளியில் ஒரு கதவுள்ள அறை இருக்கும். திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டப் போகிற பெண்ணுக்கு? பேடையோ மடித்த துணியையோ, புடவைக்கு மேலே போட்டுக்கொள்கிற ஆண்சட்டையின் பையில் செருகிக்கொண்டு போவார்கள். அந்தச் சட்டையில் மருந்தடித்த இலையின் தூசி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல், எல்லாம் படிந்திருக்கும். அதே துணி குழந்தையின் வாய் படுகிற இடத்துக்குப் போகிறது! மூடி போட்ட டப்பாவிலோ சுத்தமான பையிலோ வைத்துத் தூக்குச்சட்டியோடு கொண்டு போங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே மாற்றுங்கள். வீடு திரும்பியதும் சட்டையைக் கழற்றி, மார்பைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். மருந்தடிக்கிற நாளில் பால் கொடுக்கிற பெண் அந்தத் தோட்டத்துக்குப் போகாமலிருப்பது உத்தமம்.

விடிகாலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் நிலைமை இன்னும் கஷ்டம். பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். அவர்களுக்குப் பேட் மட்டும் போதாது. மூன்று மணிக்கு ஒரு தடவை கையால் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பால் கட்டிக்கொண்டு, மார்பு கல்லாகிவிடும். சிவந்து, வலித்து, குளிர் காய்ச்சலும் வந்தால் எண்ணெய், பற்று என்று நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனங்களில் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017-ல் சட்டத்தையே திருத்தினார்கள். தினக்கூலிக்குப் போகிறவளுக்கு அது எட்டாக்கனியாகவே இருப்பது என் மனதை உறுத்துகிறது.

பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழக அரசு 2015 ஆகஸ்டில் பஸ் நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்தது. குழந்தை கூட இல்லாவிட்டாலும் அங்கே போய்ப் பேட் மாற்றிக்கொள்ளலாம். பூட்டியிருந்தால் வெட்கப்படாமல் சாவி கேளுங்கள்.

திடீரென்று மார்பு கூசி, பால் வரப்போகிறது என்று தெரிந்தால் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு மார்பைச் சில விநாடிகள் அழுத்திக்கொள்ளுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்குச் சாதாரணமாகக் கை கட்டி நிற்பது போலத்தான் தெரியும். பிரசவமான முதல் சில வாரங்களில் மட்டும் இதை அடிக்கடி செய்யாதீர்கள்.

அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் செய்தால் தொற்று மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும். அதனால் குழந்தை மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பி வைத்தேன். வாய் அக்கரத்துக்கு வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஆகவே ஆகாது என்பதால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பாட்டி அன்றைக்கே தன் வீட்டுக்காரரின் வேட்டி இரண்டைக் கிழித்துவிட்டாராம். வீட்டில் அந்தத் துணி. பள்ளிக்கு மூன்று ஜோடி கடைப் பேட், இடைவேளைதோறும் மாற்ற. இரண்டு வாரத்தில் எரிச்சல் போய்விட்டது. நான்கு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள், குழந்தைக்குச் சளி என்று. "கசிவு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "அது எப்பவோ நின்னுபோச்சு மேடம்" என்றாள். பாட்டியின் கையில் அந்த வேட்டித் துணி வட்டம் ஒன்று இருந்தது. பேரனின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.