தொடர்ச்சிப் பிழையும் கருத்துப் பிழையும்

முன் காட்டியதும் பின் காட்டுவதும் முரணுதலே தொடர்ச்சிப் பிழையாம். திரைக்காட்சிகள் கதைமுறையிலன்றி இடத்திற்கேற்ப எடுக்கப்படுதலின் அது நேரும். இரு படங்களிடையே ஆண்டுகள் கழியின் இன்னும் எளிதில் நேரும்.

'எந்திரன்' (2010) முடிவில், சிந்திக்கத் தொடங்கியமையாற் பிரிக்கப்பட்ட சிட்டி 2030-இல் காட்சிசாலையில் நிற்கின்றது. எம் பூவிருந்தவல்லியருகே அரங்கமைத்து எடுக்கப்பட்ட தொடர்ச்சியாகிய '2.0' (2018) அதனை மீண்டும் இயக்குகின்றது. அது 2030-க்கு முன்னாயின் காட்சிசாலையிற் பேசப்படாமை ஏன்? பின்னாயின் கைப்பேசிகள் நம் காலத்தனவாதல் ஏன்? யாம் நகைத்து அமைந்தோம்.

கோபுரக் கதிர்கள் பறவைகளைக் கொல்லுமென்னும் கூற்றோ நகைத்து அமைதற்குரியதன்று. அறிவியல் அதனை நிறுவியதில்லை. உறைவிடமும் இரையும் குன்றுதலே முதன்மைக் காரணமென்பர் ஆய்வாளர். கோபுரத்தையே பழித்திருப்பின், ஆக்கிரமிப்பாற் சுருங்கிய அம்பத்தூர் ஏரியை யார் நினைப்பார்? முன்னைய பிழை திரையோடு ஒழியும். பின்னையது நம்மோடு வீட்டிற்கு வரும்.