1990-இல் படித்த பாடம்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை, மழை சற்று ஓய்ந்த நேரத்தில், திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு மோட்டாரில் திரும்பிக்கொண்டிருந்தேன். 1843-இல் மாட்டு வண்டிகளுக்காகத் திறந்து வைக்கப்பெற்ற சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, கொக்கிரகுளம் தாண்டி, வண்ணார்பேட்டையை நெருங்கும் சமயம். புத்தகப் பையுடன் சைக்கிளில் வந்த ஒரு சிறுமி, தேங்கிய நீரைத் தவிர்ப்பதற்காகச் சட்டென்று நடு ரஸ்தாவுக்கு வந்துவிட்டாள்.

ஈர ரஸ்தாவில் பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். விட்டு விட்டு மிதிக்க வேண்டும். 1990-இல் எனக்கு வண்டி பழக்கியவர் சொல்லிக்கொடுத்த பாடம் இது. அவ்வாறே செய்தேன். வண்டி நின்றது. நின்ற இடத்துக்கும் சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரு முழந்தான் இருக்கும். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பாராமல் போய்விட்டாள். எனக்குத்தான் வெகு நேரம் கை நடுங்கிற்று.

வீட்டில் இதைக் கொஞ்சம் பெருமையுடனேயே சொன்னேன். என் மகன் கேட்டுவிட்டு, “அப்பா, இது ஏ.பி.எஸ். வண்டி. விட்டு விட்டு மிதிக்கவே கூடாது!” என்றான். சக்கரம் பூட்டிக்கொள்ளும் தறுவாயில் யந்திரமே வினாடிக்குப் பல முறை பிரேக்கைத் தளர்த்தி இறுக்குகிறதாம். நாம் காலை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பலாம். இடையிடையே காலை எடுத்தால் வண்டி நிற்கும் தூரம் அதிகமாகும். 2019-லிருந்து புதிதாக விற்பனையாகும் கார்களுக்கெல்லாம் இது கட்டாயம். ஆக, அந்தக் குழந்தை தப்பியது என் வித்தையால் அல்ல. என் வித்தையையும் மீறித் தப்பியிருக்கிறாள்!

என் லைசென்ஸில் ஒரு குறையும் இல்லை. எட்டுப் போட்டு வாங்கிய அதை மூன்று முறை புதுப்பித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வைத்தியர் சர்ட்டிபிகேட் கேட்டார்கள், நியாயந்தான். ஆனால் இடையில் வண்டி மாறியது, ரஸ்தா மாறியது, சட்டமே மாறியது. 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகள் போய் 2017-இல் புதிய விதிகள் வந்தன. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறைவாசமோ என்று வைத்தார்கள். இவற்றை என்னைப் போன்ற பழைய ஓட்டிகளை உட்காரவைத்துச் சொன்னவர் யாரும் இல்லை.

இப்படிச் சொல்லும் வழக்கம் உலகில் இல்லாமல் இல்லை. ஜப்பானில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போகிறவர் ஒரு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஐரோப்பிய யூனியன் நாடுகளில் பஸ், லாரி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு 35 மணி நேரப் பயிற்சி உண்டு. நம் தேசத்திலேயே, அபாயகரமான சரக்கு ஏற்றும் லாரி ஓட்டிகள் ஒரு நாள் மறுபயிற்சி பெற்றாலன்றிப் புதுப்பிக்கலாகாது என்று 1988-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. குற்றம் செய்து லைசென்ஸை இழந்தவர் அதைத் திரும்பப் பெறவும் மறுபயிற்சி வேண்டுமென்று 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் கூறுகிறது. நமக்கோ, தவறு செய்த பிறகுதான் பள்ளிக்கூடம்!

முருகன்குறிச்சியில் வழக்கமாக என்னை ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் மயங்கவில்லை. “ஒரு நாள் வண்டி ஓட்டலேன்னா வீட்டுல உலை கொதிக்காதுல்லா, அண்ணாச்சி! அதுவும் போக, வகுப்புக்குப் போகாமலே போனதாச் சர்ட்டிபிகேட் தருத ஆள் நாளைக்கே முளைச்சிருவான்” என்றார். இரண்டுக்கும் என்னிடம் உடனே பதில் இல்லை.

அவர் அறியாத மூன்றாவது ஆட்சேபமும் ஒன்று உண்டு, அது பண்டிதர்களுடையது. பல நாட்டுப் பரிசோதனைகளைத் திரட்டி 2003-இல் வெளியான காக்ரேன் ஆராய்ச்சி, லைசென்ஸ் பெற்றவர்களுக்கு நடத்தும் வகுப்புகளால் விபத்துக்கள் குறைந்தன என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று முடிவு கட்டிற்று. வகுப்பு நடத்திவிட்டால் ரஸ்தாவில் ரத்தம் சிந்தாது என்று நம்புகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். வேகக் கட்டுப்பாடும், ஒழுங்கான ரஸ்தாவும், தலைக் கவசமும் செய்கிற வேலையை வகுப்பு செய்துவிடாது.

ஆகையால் நான் கேட்பது மிகவும் சிறியது. கைத்திறமைப் பரீட்சை வேண்டாம். புதுப்பிக்கும் நாளன்று, ஆபீஸிலேயே இரண்டு மணி நேரம்: சென்ற தடவைக்குப் பின் சட்டத்தில் எது மாறிற்று, வண்டியில் எது மாறிற்று, ஈர ரஸ்தாவில் கால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஓட்டிக் காட்டிச் சொல்லட்டும். வாடகை வண்டிக்காரருக்கு அன்றைய கூலியைச் சர்க்கார் கொடுக்கட்டும். ஆட்டோக்காரர் இதையும் கேட்டார். “கூலி உண்டும்னா முதல் ஆளா நான் வாரேன்” என்றவர், சற்று யோசித்து, “அந்த பிரேக் விஷயம் நம்ம ஆட்டோவுக்கும் உண்டா, அண்ணாச்சி?” என்று கேட்டார்.