ஒரே கோன், ஊருக்கொரு பெயர்

சரக்கெடுக்கச் சென்னைக்குப் போனால் ஓர் ஐஸ்கிரீமாவது சாப்பிடாமல் நான் திரும்புவதில்லை. அங்கே கடை வாசலில் இருக்கும் பெட்டியில் சிவப்பு இதயச் சின்னம், 'குவாலிட்டி வோல்ஸ்' என்ற பெயர். கோலாலம்பூரில் அதே இதயத்தின் கீழ் வெறும் 'வோல்ஸ்'. ஒரு தடவை இஸ்தான்புல் போனபோது அதே இதயம், 'அல்கிடா'. மூன்று இடத்திலும் உள்ளே கிடந்தது கோர்னெட்டோ கோன். ஒரே சாமானுக்கு ஏன் இத்தனை பெயர்?

யுனிலீவர் கொம்பனி நாடு நாடாகப் போய்ப் புதுப்பெயர் வைக்கவில்லை. அந்தந்த ஊரில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த கொம்பனிகளை வாங்கியது. வோல்ஸ் என்பது லண்டனில் ஓர் இறைச்சி வியாபாரக் குடும்பத்தின் பெயர். வெயில் காலத்தில் சொசேஜ் விற்பனை விழுந்துவிடும். அந்த மாதங்களில் தொழிலாளரை நிறுத்தாமல் இருக்க 1922இல் ஐஸ்கிரீமில் இறங்கி, முச்சக்கர சைக்கிளில் தெருத்தெருவாக விற்றார்கள். (நமது ஐஸ்பழ வண்டிக்காரருக்கு அண்ணன்மார்!) பிரேசிலில் 'கிபோன்' 1997இல் கைமாறியது. வாடிக்கையாளர் பழகிய பெயரை அழித்தால் வாங்கிய காசில் பாதி நட்டம். ஆகவே பெயர்களை விட்டுவிட்டு, 1998இல் எல்லாவற்றுக்கும் ஒரே இதயச் சின்னத்தைப் போட்டார்கள். 2025 டிசம்பரில் ஐஸ்கிரீம் பகுதி மெக்னம் என்ற பெயரில் தனிக் கொம்பனியாகப் பிரிந்த பின்பும் பெட்டிகளில் பழைய பெயர்கள்தான்.

சின்னம் ஒன்றென்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். இந்தியச் சட்டப்படி பால் கொழுப்பில் செய்ததுதான் ஐஸ்கிரீம். மரக்கறி எண்ணெய் சேர்த்தால் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று பொதியில் போட வேண்டும். 2017இல் இதை வைத்து அமுல் விளம்பரம் செய்ய, குவாலிட்டி வோல்ஸை விற்ற ஹிந்துஸ்தான் யுனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றம் சென்று அந்த விளம்பரத்துக்குத் தடை வாங்கியது. எண்ணெய் சேர்ப்பது குற்றமல்ல. ஆனால் இரண்டும் ஒரே விலைக்கு வாங்கத்தக்க சாமானுமல்ல.

நமக்கு இன்னொரு கவனமும் வேண்டும். ஜெலற்றின், 471 என்ற எமல்சிபயர் போன்றவை எதிலிருந்து எடுக்கப்படுகின்றன என்பது தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறலாம். மலேசியப் பொதியில் கண்ட ஹலால் முத்திரையை நம்பி வேறு நாட்டுப் பொதியை இறக்க முடியாது.

அடுத்தது காற்று. ஐஸ்கிரீமை அடிக்கும்போது காற்று சேர்கிறது. விற்பதோ லீற்றர் கணக்கில். இந்தியாவில் ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது ஒரு லீற்றர் பெட்டியில் ஏறத்தாழ பாதி காற்றாகவே இருக்கலாம்.

என் கடையில் ஒருமுறை வெவ்வேறு பெயருள்ள இரண்டு ஒரு லீற்றர் பெட்டிகளைத் தராசில் வைத்துப் பார்த்தேன். விலை குறைந்தது என்று நான் கூடுதலாக எடுத்து அடுக்கிய பெட்டிதான் பாரம் குறைவு. கிராமுக்கு இத்தனை சதம் என்று கணக்குப் போட்டால், விலை கூடியதும் அதுவே. இப்போது புதுப் பெயரோடு முகவர் யாராவது வந்தால், விலைப்பட்டியலை வாங்கமுன் ஒரு பெட்டியை வாங்கித் தராசில் வைக்கிறேன்.