மூன்று வாரத் தடை, இருபத்தாறு ஆண்டுக் காத்திருப்பு

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. சில நாட்களில் அதன் கதிரியக்கத் தூசு கனமழையோடு சேர்ந்து பிரிட்டனின் கம்ப்ரியா, வட வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைகளில் இறங்கியது. ஜூன் 20 அன்று கம்ப்ரியா, வட வேல்ஸ் செம்மறியாடுகளை விற்கவும் வெட்டவும் தடை வந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் அதிகாரிகள். கடைசிப் பண்ணைகள் மீதான கட்டுப்பாடு நீங்கியது 2012 ஜூனில்தான்.

அந்தத் தூசில் இருந்த சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு ஆகும். அப்படியானால் அதைத் தின்ற ஆடு ஆயுசுக்கும் விஷம்தானே என்று கேட்கத் தோன்றும். உடல் சீசியத்தைப் பொட்டாசியம் போலவே நடத்துகிறது. தசையில் சேர்த்துக்கொள்கிறது, பிறகு சிறுநீரிலும் சாணத்திலும் கழிக்கிறது. சுத்தமான மேய்ச்சலுக்கு மாற்றினால் சில வாரங்களிலேயே ஆட்டின் உடம்பில் அளவு பாதியாகிவிடும். அதனால் ஆட்டைக் கொன்று புதைப்பது பரிகாரமே இல்லை. விடாமல் நிற்பது மண்ணிலுள்ள சீசியம். களிமண் அதை இறுகப் பிடித்துக்கொள்வதால் புல்லின் வேருக்கு எட்டாது. அந்த மலைகளிலோ அமிலத்தன்மை கொண்ட, மக்கிய கரிமண். அதில் பிடிப்பு இல்லை. வேர் உறிஞ்ச, ஆடு மேய, சாணம் மறுபடி மண்ணுக்கே போக, சுழற்சி ஓயவில்லை. மூன்று வாரக் கணக்குப் போட்டவர்கள் களிமண்ணை மனத்தில் வைத்துப் போட்டார்கள்.

உள்ளூர் மேய்ப்பர்களின் அறிவைக் கேட்காமல் போனதற்கும் விலை இருந்தது. சீசியத்தை உறிஞ்சுமா என்று பார்க்க பென்டோனைட் என்ற களிப்பொடியைத் தூவி, வேலியடைத்த சிறு நிலங்களில் ஆடுகளை விட்டுச் சோதித்தார்கள். திறந்த மலையில் திரிந்து பழகிய ஆடு அடைப்பில் தேறாது என்று மேய்ப்பர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். சோதனை கைவிடப்பட்டது. உருப்படியாக நடந்த ஏற்பாடு எளிமையானது: உயிருள்ள ஆட்டின் பின்தொடையில் காமா அளவியை வைத்துப் பார்ப்பது, கிலோவுக்கு 1000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற வரம்பை மீறும் எனத் தெரிந்தால் பெயிண்டால் குறியிட்டு, தாழ்நில மேய்ச்சலுக்கு விற்க விடுவது. அளக்கும் சிரமத்துக்கு ஆடு ஒன்றுக்கு 1.30 பவுண்டு கொடுத்தார்கள். குறியிட்ட ஆட்டைக் குறைந்த விலைக்குக் கேட்கும் சந்தைக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கு?

வரம்பே அளவுக்கு மீறிய கெடுபிடி, எப்போதோ ஒருமுறை இந்த இறைச்சியைத் தின்பவருக்கு ஆபத்து மிகச் சொற்பம் என்பது வலுவான ஆட்சேபம். 2012இல் கட்டுப்பாட்டை விலக்கியதற்குச் சொன்ன காரணமும் இதுவே. ஆனால் சராசரி நுகர்வோர் வேறு, தினமும் அதையே தின்பவர் வேறு. நார்வே 1986 நவம்பரில் கலைமான் இறைச்சிக்கான வரம்பை 600 பெக்கரலிலிருந்து 6000 ஆக உயர்த்தியது. கலைமான்கள் தின்னும் லைக்கன் தாவரம் போன்ற பாசிப்பூஞ்சை தூசை அப்படியே பிடித்துவைக்கும். பழைய வரம்பு நீடித்திருந்தால் கலைமான் வளர்க்கும் சாமி (Sámi) பழங்குடி மக்களின் பிழைப்பே போயிருக்கும். உயர்த்தியதோடு நிற்காமல், அதிகம் சாப்பிடும் அந்தக் குடும்பங்களுக்கு உணவு ஆலோசனை தந்தார்கள், மான்களுக்கு சீசியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் பிரஷ்யன் நீல மருந்தும் கொடுத்தார்கள். வரம்பைத் தளர்த்தும் அரசு இந்தப் பாதியையும் செய்தாக வேண்டும்.

சமையலறையிலும் கொஞ்சம் வழி உண்டு. சூடு சீசியத்தை அழிக்காது. ஆனால் இறைச்சியை உப்புநீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டினால் கணிசமாகக் குறையும். பாலில் அது நீர்ப்பகுதியோடு நிற்பதால் வெண்ணெயிலும் நெய்யிலும் சொற்பமே சேரும்.

நஷ்டஈடு கேட்கும் விவசாயிக்கு முதல் தேவை, விபத்துக்கு முன்பு எடுத்த அளவு. கம்ப்ரியாவின் சில பண்ணைகள் செல்லாஃபீல்ட் அணு நிலையத்துக்கு அருகில் இருந்தன. அது விண்ட்ஸ்கேல் என்ற பெயரில் இயங்கிய 1957இல் அங்கே தீ விபத்து நடந்து, சுமார் 500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் கறந்த பாலைக் கொட்டியிருந்தார்கள். எங்கள் புல்லில் இருப்பது செர்னோபில் சீசியமா, பக்கத்து உலையின் பழைய சீசியமா என்று விவசாயிகள் கேட்டார்கள். பின்னாளைய அளவீடுகளில் அணுகுண்டுச் சோதனைகளின் பங்கும், விண்ட்ஸ்கேலின் பங்கும் சேர்ந்தே தெரிந்தன. அணு நிலையத்துக்கு அருகில் மாடு, ஆடு வளர்ப்பவர்கள் மண், புல், பால் அளவுகளை ஆண்டுதோறும் எடுத்து எழுத்தில் தரும்படி இப்போதே கேட்டு வாங்கிவைப்பது நல்லது. விபத்துக்குப் பிறகு கேட்டால், ஒப்பிட எதுவும் இருக்காது.