தொலைவிற்பனையும் பெண்டிர் உடைமையும்

பெண்டிர் பொருள் விற்று வாழ்தல் தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே வரும் ஆய்மகள், மோரைத் தலைமேற் சுமந்து சென்று விற்று, அப்பயனாற் சுற்றத்தை உண்பிக்கின்றாள். நெய்யை விற்கும்போதோ பொன்னைக் கொள்ளாள். எருமையும் நல்லானும் நாகும் பெற்று வருகின்றாள். மோர் இன்றைய வயிற்றுக்கு, நெய் நாளைய உடைமைக்கு. இதனை வகுப்பிலே பலகாற் கற்பித்திருந்தும், யான் அதன் நுட்பத்தை உணர்ந்தது அண்மையிலேதான்.

அம்பிட்டியவிலே என் பழைய மாணவி ஒருத்தி, கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தவாறே கொம்பனி ஒன்றின் பொருள்களைத் தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் விற்றுவந்தாள். நேரிற் காணாத ஒருவரிடம் விற்பதற்கு முதல் குரலும் நம்பிக்கையுமே. எந்த வீட்டார் மாதமுடிவில் வாங்குவர், எவர் பொதி வந்தபின் காசு கொடுக்கத் தயங்குவர் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒருநாள் வேலை நின்றது. "சிம்மைத் திருப்பிக் கொடுத்தேன் சேர், நாலு வருஷமாச் சேர்த்த ஆட்களும் அதோட போயிட்டாங்க" என்றாள்.

அமெரிக்காவிலும் இத்தகையது நிகழ்ந்ததுண்டு. எர்ல் டப்பர் செய்த பிளாஸ்டிக் பாத்திரங்கள் கடைகளிலே தேங்கிக் கிடந்தன. மூடியைப் பொருத்தும் வகையை எவரேனும் செய்துகாட்ட வேண்டியிருந்தது. பிரௌனி வைஸ் என்னும் மாது வீடுகளிலே பெண்களைக் கூட்டிக் காட்டி விற்றார். 1951இல் கொம்பனி கடைகளையே கைவிட்டு, அவரை உபதலைவர் ஆக்கியது. 1954இல் 'பிசினஸ் வீக்' இதழின் அட்டையிலே படம் வெளிவந்த முதற் பெண்மணியும் அவரே. எனினும் 1958 சனவரியில் அவர் நீக்கப்பட்டபோது கிடைத்தது ஓராண்டுச் சம்பளம். பங்கு ஒன்றேனும் அவர் பெயரில் இல்லை. அவ்வாண்டே கொம்பனி ஒரு கோடியே அறுபது இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அவர் நெய் விற்றார். எருமை பிறர் தொழுவிற் கட்டப்பட்டது.

அதே 1958இலேதான் இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பிறந்தது. தொழில்கொள்வோர் நூற்றுக்கு 12, ஊழியர் 8 என இன்று செலுத்தவேண்டும். தரகாகப் பெறும் ஊதியத்தையும் அச்சட்டம் புறந்தள்ளவில்லை. ஆயின் 'சுயாதீன முகவர்' என்ற பெயரைச் சூட்டிவிட்டால் அக்கடப்பாடு கழிந்துவிடும் என எண்ணுவோர் உளர். கையொப்பமிடும் பெண்களோ பெரும்பாலும் தரகு வீதத்தையே பார்க்கின்றனர். (யானும் என் முதல் நியமனக் கடிதத்தைச் சரிவர வாசித்தவன் அல்லன்.) எப்பெயரால் அமர்த்தப்படுகின்றோம், இலக்கம் எவர் பெயரில் உள்ளது, வாடிக்கையாளர் பட்டியல் எவர் கையில் தங்கும் என்னும் மூன்றும் தரகுக்கு முன்னர்க் கேட்கத்தக்கன.

அம்மாணவி இப்போது தன் பெயரில் எடுத்த இலக்கத்திலே மிளகும் கறுவாவும் விற்கின்றாள். பழைய வாடிக்கையாளருள் நினைவில் நின்ற பதினொருவரின் பெயர்கள் அவளுடைய கொப்பியின் முதற்பக்கத்தில் உள்ளன.