காலுக்கு மின் தூண்டல்: பேரப்பிள்ளையின் நடைக்கு ஓர் உதவி

"பிள்ளையின் காலுக்குக் கரண்ட் வைக்கப் போகிறார்கள்" என்றால் தாத்தா பாட்டிக்குப் பயம் வருவது இயல்பு. பேராக்கில் வளர்ந்த பலருக்குத் தஞ்சோங் ரம்புத்தான் நினைவுக்கு வரும். அது மூளைக்கான சிகிச்சை. இது காலுக்கு மட்டும். சிறிய பேட்டரியில் இயங்குவது.

செரிபிரல் பால்சி எனப்படும் பெருமூளை வாதம், பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, குழந்தைப் பருவத்திலோ மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் வருகிறது. யார் செய்த பாவமும் அல்ல. காலில் தசையும் நரம்பும் இருக்கும். பாதத்தைத் தூக்கச் சொல்லும் கட்டளைதான் மூளையிலிருந்து சரியாக வந்து சேராது. அதனால் பாதம் தொங்கும், விரல் தரையில் இடறும். பிள்ளையின் சப்பாத்து முன்பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பாதத்தைத் தூக்கும் நரம்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமாக, தோலை ஒட்டி ஓடுகிறது. அதன்மேல் ஒட்டும் பட்டைகளை வைப்பார்கள். சில கருவிகளில் குதிகாலுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். குதிகால் எழும்போது கரண்ட் ஓடிப் பாதம் தூக்கும், ஊன்றியதும் நின்றுவிடும். பக்கவாதம் வந்தவர்களுக்காக இம்முறையை 1961இல் அமெரிக்க மருத்துவர் லிபர்சன் வெளியிட்டார். பிள்ளைக்கு எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பட்டை ஒட்டிய இடம் லேசாகச் சிவந்து மறையும். புண்ணானால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

இது மூளையின் பாதிப்பைக் குணப்படுத்தாது. கருவி அணிந்திருக்கும்போது பாதம் நன்றாகத் தூக்கும். கழற்றிய பிறகு எவ்வளவு பலன் நிற்கும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஓரளவு தானாக நடக்கும் பிள்ளைக்கே அதிகம் உதவும். கெண்டைக்கால் இறுகி, கையால் கூடப் பாதத்தை மேலே மடக்க முடியவில்லை என்றால் முதலில் தசையை நீட்டும் பயிற்சி, காலுக்கு மாவுக்கட்டு போன்றவை தேவைப்படும்.

பசார் மாலாமில் விற்கும் மசாஜ் மெஷினை வாங்கி நீங்களே ஒட்டிப் பார்க்க வேண்டாம். பாசத்தில்தான் வாங்குகிறோம், ஆனால் தவறான இடத்தில் வைத்தால் பாதம் இன்னும் கீழே இழுக்கும், தோலும் வெந்துபோகலாம். பிள்ளைக்கு வலிப்பு இருந்தாலோ, உடலுக்குள் ஏதேனும் கருவி பொருத்தியிருந்தாலோ முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

தோட்டத்தில் டிரஸரிடம் போன காலம் போல இன்று ஒரே இடத்தில் எல்லாம் முடியாது. அருகிலுள்ள அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்தக் கருவி எல்லா இடத்திலும் இருக்காது; கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு ஓகேயு அட்டை இல்லையென்றால் சமூக நல இலாகாவில் விண்ணப்பியுங்கள். போகும்போது பிள்ளையின் தேய்ந்த சப்பாத்தையும் கொண்டு செல்லுங்கள். ஃபிசியோதெரபிஸ்ட் அதைப் பார்க்க விரும்புவார்.