பூரண சூரிய கிரகணமும் செல்வர் பயணமும்

கிரகண வேளையில் வீட்டினுள் அடங்கியிருந்து, விட்டபின் நீராடி உண்ணுதல் நம்மவர் வழக்கு. மேலைநாட்டுச் செல்வரோ அதனைத் தேடிப் பெரும்பொருள் செலவிட்டுக் கடலும் வானும் கடக்கின்றனர். அச்செலவினால் அவர் பெறுவது யாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

சூரியனது விட்டம் சந்திரனது விட்டத்தினும் ஏறத்தாழ 400 மடங்கு பெரிது. நமக்கு அதன் தூரமும் ஏறத்தாழ 400 மடங்கே. ஆதலின் இரண்டும் வானில் ஒத்த அளவினவாய்த் தோன்றுகின்றன. சந்திரன் சூரியனை முற்றாக மறைக்கும்போது, அதனைச் சூழ்ந்த வெண்ணிற ஒளிமகுடம் வெறுங்கண்ணுக்குப் புலனாகும். ஆயின் முழுநிழல் படியும் பாதை பொதுவாக 270 கிலோமீற்றர் அகலத்தைத் தாண்டுவதில்லை. ஓரிடத்தில் ஒருமுறை நிகழ்ந்தபின் மறுமுறை நிகழச் சராசரி 375 ஆண்டுகள் செல்லும். நிலத்தில் நிற்பார்க்கு அது ஏழரை நிமிடத்துக்கு மேல் நீடிப்பதுமில்லை. காண விரும்புவோர் அதனைத் தேடிச் செல்லவேண்டியிருப்பது இதனாலேயாம்.

1973ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் நிழல் ஆபிரிக்காவைக் கடந்தது. அதனைக் காணக் 'கன்பெரா' என்னும் பெருங்கப்பல் அத்திலாந்திக்கிற் சென்றது. எழுத்தாளர் ஐசாக் அசிமோவும் அதில் இருந்தார். கப்பலின் சிறப்பு அதன் சொகுசன்று. முகில் கண்டவிடத்து விலகித் தெளிந்த வானை நாடவல்லமையே. அதே நாளில் 'கொங்கோட்' விமானமொன்று கனேரித் தீவுகளிலிருந்து சாட் நாடுவரை, ஒலியினும் இருமடங்கு விரைவில், நிழலோடு உடன்பறந்தது. கூரையில் அமைத்த சாளரங்களினூடே விஞ்ஞானிகள் 74 நிமிடம் முழுமறைவிலிருந்து ஆராய்ந்தனர். 1999ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள் கட்டணம் செலுத்திய பயணிகளும் கொங்கோட்டில் நிழலைத் தொடர்ந்தனர். ஆயின் அவர்க்குக் கூரைச் சாளரம் இல்லை, பக்கத்துச் சிறு சாளரங்களே வாய்த்தன. முன்னவர் விமானத்தை ஆய்வுக்கருவியாக்கினர். பின்னவர் விமானத்தின் பெருமையையே பெரிதும் பெற்றனர் எனலாம்.

கருவியும் பொருளும் நிறைந்தும் பயன் கிட்டாமற் போவதுண்டு. 1955ஆம் ஆண்டு யூன் 20ஆம் நாட் கிரகணத்துக்குப் பல நாட்டு வானியலார் நம் இலங்கைக்கே வந்து காத்திருந்தனர். முகில் திரையிட்டமையால் அவருட் பலர் வறிதே மீண்டமை நம்மவர் அறிந்ததே.

2027ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாளுக்கெனக் கணிக்கப்பட்ட கிரகணம் எகிப்தின் லக்சர் நகரருகே 6 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது. கோடையில் மழை அரிதாகிய அந்நிலத்தில், நைல் நதியின் சொகுசுப் படகில் அமர்ந்தார்க்கும் கரை வயலில் நின்றார்க்கும் காட்சி ஒன்றே. ஆதலின் பயணத்துக்குத் துணிவோர் முதலில் ஆராயவேண்டுவது விடுதியின் வசதியை அன்று, அவ்விடத்து வானிலையையே. முழுமறைவுக்கு முன்னும் பின்னும் கண்காப்புக் கண்ணாடி இன்றிச் சூரியனை நோக்குதலும் ஆகாது.

செல்வம் நம்மை நிழலின் பாதைவரை கொண்டுசேர்க்கும்; வானைத் திறந்து காட்டுதல் அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாம்.